காவலாளியிடம் கற்ற மொழி

அயர்லாந்து என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருகிற பெயர் டிவேலரா. கொஞ்சம் படித்தவர்கள் பெர்னார்டு ஷாவைச் சொல்வார்கள். கவிதையில் நாட்டமுள்ளவர்கள் யேட்சைச் சொல்வார்கள். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் டிவேலரா என்றே அடித்துச் சொல்வார்கள். டிவேலரா அப்பதவியில் மூன்றாமவர். முதலில் அமர்ந்தவர் டக்ளஸ் ஹைடு.

சிறை சென்ற வரலாறு அவருக்கு இல்லை. தூக்குமேடையின் நிழல் அவர்மேல் விழுந்ததில்லை. துப்பாக்கி தூக்கியதுண்டு, காட்டுப் பறவைகளைச் சுடுவதற்காக மட்டும். இப்படிப்பட்ட ஒருவரை, வாளுக்கும் வெடிகுண்டுக்கும் பெயர்போன ஒரு விடுதலைப் போரின் முடிவில், நாட்டின் தலைமை நாற்காலியில் ஏன் உட்கார வைத்தார்கள்? அதிலும் அவர் எந்த இனத்தார், எந்த மதத்தார் என்று தெரிந்துகொண்டால் வியப்பு இன்னும் கூடும்.

ஹைடு குடும்பம் இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பம். எலிசபெத் அரசியின் காலத்தில், ஐரிஷ் மக்களிடமிருந்து பறித்த நிலங்களை ஆங்கிலேயருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்களல்லவா, அப்போது கார்க் மாவட்டத்தில் நிலம் பெற்று ஊன்றியவர்கள் இவருடைய முன்னோர். பெர்மாய் நகருக்கு அருகே அவர்கள் பெயரிலேயே ஒரு மாளிகை இன்றும் உண்டு. பாட்டனார் பாதிரியார். தந்தையும் பாதிரியார். இருவரும் பிராட்டஸ்டண்டுச் சபையினர். அதாவது ஆளும் இனத்தின் சபையினர். சுற்றிலும் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களோ கத்தோலிக்கர். நிலம் ஒருவனுக்கு, உழைப்பு இன்னொருவனுக்கு. கோவில் ஒருவனுக்கு, அந்தக் கோவிலுக்கு வரி இன்னொருவனுக்கு என்று நெடுங்காலம் ஆண்ட அமைப்பு அது. அதில் மேல்தட்டில் பிறந்தவர் ஹைடு. பிறந்தது 1860-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், ராஸ்காமன் மாவட்டத்துக் காசில்ரே என்னும் ஊரில். ஏழு வயதாக இருந்தபோது தந்தைக்கு அதே மாவட்டத்துப் பிரெஞ்சுபார்க்குக்கு மாற்றல் வந்தது. வாழ்வின் போக்கை முடிவு செய்த ஊர் அது.

அந்தக் காலத்தில் ஐரிஷ் மொழி எந்த நிலையில் கிடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறிப் போனார்கள். செத்தவர்களிலும் போனவர்களிலும் மிகப் பலர் மேற்குப் பகுதி ஏழைகள். ஐரிஷ் மட்டுமே பேசத் தெரிந்தவர்கள். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் பதினைந்து இலட்சம் என்றிருந்தது, 1891-இல் ஏழு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நாற்பதே ஆண்டுகளில் பாதிக்குமேல் போயிற்று.

பஞ்சம் மட்டுமே காரணம் என்றால் அது முழு உண்மையாகாது. 1831-இல் அரசாங்கம் திறந்த பள்ளிகளில் ஆங்கிலமே போதனை மொழி. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். வாய் தவறி ஐரிஷ் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு விழும். மாலையில் வாத்தியார் வெட்டுகளை எண்ணி, எண்ணிக்கைக்குத் தக்க அடி கொடுப்பார். இதில் நெஞ்சு கனக்கச் செய்யும் செய்தி, வீட்டிலும் வெட்டுப் போட்ட பெற்றோர் இருந்தார்கள் என்பதுதான். ஆங்கிலம் வந்தால் அமெரிக்காவில் பிழைக்கலாம். ஐரிஷ் வந்தால் இங்கே பட்டினி கிடக்கலாம். இப்படிக் கணக்குப் போட்ட தாய் தகப்பனை நாம் எந்த வாயால் பழிப்பது? மக்கள் தலைவர் டேனியல் ஓகானலே, ஐரிஷ் மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவர், அம்மொழி மறைவதைப் பற்றித் தமக்குப் பெரிய வருத்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, குடியானவர்கள் விட்டெறிந்து கொண்டிருந்த மொழியைப் பாதிரியார் வீட்டுப் பிள்ளை குனிந்து பொறுக்கினான். பள்ளிக்கு அனுப்பிய கொஞ்ச நாளிலேயே நோய் கண்டு வீடு திரும்பிய பிள்ளை. பிறகு படிப்பெல்லாம் வீட்டிலேயே. பொழுது போகாத நேரங்களில் வயல் வரப்பு, சதுப்பு நிலம், குடிசைத் திண்ணை என்று சுற்றினான். அங்கே கிடைத்தார் ஒரு குரு. பெயர் சேமஸ் ஹார்ட். டிபிரெய்ன் பிரபுவின் பண்ணையில் சதுப்பு நிலங்களுக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் காவலாளி. சிறுவனுக்குத் துப்பாக்கி பிடிக்கவும் மீன் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவர், அவற்றோடு தம் மொழியையும் கற்றுக்கொடுத்தார். கூலியாள் ஒருவரின் மனைவியான கானலி அம்மையாரும், லாவின் என்ற பெரியவரும் துணை ஆசிரியர்கள். பாடப் புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது, காசும் கிடையாது.

1874-இல், பதினான்கு வயதில், ஹைடு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஐரிஷ் எழுத்துக் கூட்டும் முறை அப்போது அவருக்குத் தெரியாது. காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்தில் மனம்போனபடி கூட்டி எழுதினார். இலக்கணப் புலவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும் ஐரிஷ் அது. ஆனால் மனிதர் வாயிலிருந்து நேரே வந்து ஏட்டில் இறங்கிய ஐரிஷ். அடுத்த ஆண்டின் முடிவில் ஹார்ட் இறந்துபோனார். சிறுவன் உடைந்துபோனான், இனி ஐரிஷ் கற்க வழியில்லை என்றே சில காலம் எண்ணிவிட்டான்.

குடிசையில் அந்தச் சிறுவன் என்னதான் கற்றான்? அன்றாடம் வழங்கும் சிறு சிறு சொற்களைத்தான். அவற்றைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மொழியென்றால் என்ன என்பது அங்கேதான் தெரிகிறது.

வழியில் ஒருவரைக் கண்டால் ஐரிஷ்காரர் 'தியா கிட்' என்பார். கடவுள் உனக்கு ஆகுக என்பது அதன் கருத்து. கேட்டவர் அதையே திருப்பிச் சொன்னால் மரியாதையாகாது. ஒன்று கூட்டித்தான் சொல்லவேண்டும். கடவுளும் மரியாளும் உனக்கு ஆகுக என்பது மறுமொழி. மரியாளை அழைப்பது கத்தோலிக்கர் வழக்கம். பிராட்டஸ்டண்டுச் சபையில் அந்தப் பேச்சே எடுபடாது. என்றாலும் இந்த மறுமொழி இல்லாமல் அந்த மொழியில் ஒரு காலை வணக்கம்கூட முழுமை பெறாது. பாதிரியார் மகனை அண்டை வீட்டுக் கத்தோலிக்கனோடு கட்டிப்போட எந்த ஒப்பந்தத்தைக் காட்டிலும் இந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது என்று நாம் கருதுகிறோம்.

பசிக்கிறது என்று சொல்ல, பசி என்மேல் இருக்கிறது என்பார்கள். மன்னிப்புக் கேட்க, துயரம் என்மேல் இருக்கிறது என்பார்கள். பசியும் துயரமும் மேலே வந்து அமர்கின்றன. பிறகு எழுந்து போய்விடுகின்றன. எனக்கு ஐரிஷ் தெரியும் என்பதை, என்னிடத்தில் ஐரிஷ் இருக்கிறது என்று சொல்வார்கள். பணம் இருப்பதுபோல, மாடு இருப்பதுபோல, மொழியும் ஒருவனிடத்தில் இருக்கிறது. நன்றி சொல்ல 'கோ ரெவ் மா அகத்' என்பார்கள். நன்மை உன்னிடத்தில் இருப்பதாக என்பது பொருள். ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் அந்த மொழியில் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன் என்றோ வரவில்லை என்றோ வினையைத் திருப்பிச் சொல்லவேண்டும். தமிழ் பேசுகிற நமக்கு இது புதுமையாகப் படாது. ஆங்கிலேயருக்குத்தான் தலை சுற்றும். அன்பு காட்டி அழைக்க என் நாடித்துடிப்பே என்பார்கள், என் புதையலே என்பார்கள். விடைபெறும்போது 'ஸ்லான்', நலமாக என்பது கருத்து.

இவற்றில் எதற்கும் ஆங்கிலத்தில் சொல் இல்லாமலில்லை. ஆனால் ஒரு குடியானவனுடைய தாத்தாவும் அவருக்குத் தாத்தாவும் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த அடுக்களைச் சொற்களுக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இதைக் கண்டுகொண்டதுதான் ஹைடின் பெருமை.

1880-இல் டப்ளின் திரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். அது ஆளும் வகுப்பாரின் கோட்டை. அங்கே ஐரிஷ் மொழிக்கு ஒரு பேராசிரியர் பதவி இருந்தது என்றால் வாசகர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். ஐரிஷ் பேசும் கத்தோலிக்கரிடம் போய் மதப்பிரசாரம் செய்யப் பாதிரிகளைப் பழக்குவதற்காக ஏற்பட்ட பதவி அது! தந்தையின் விருப்பப்படி மதநூல் பயின்றார்; பட்டமும் பரிசும் பெற்றார்; அங்கியை மட்டும் அணிய மறுத்தார். பிறகு சட்டம் படித்து டாக்டர் ஆனார். இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் அறிந்தவர். கல்லூரியில் யாரோ எத்தனை மொழி தெரியும் என்று கேட்டபோது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கனவு காண்பது மட்டும் ஐரிஷில் என்று முடித்தாராம். க்ரீவின் ஈவின், அதாவது இனிய சிறு கிளை, என்பது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர். நாட்டுக் கதைகளையும் கானாட் பகுதிக் காதற் பாடல்களையும் ஊரூராகப் போய்த் திரட்டினார். கானாட் காதற் பாடல்கள் 1893-இல் நூலாக வந்தது. எதிர்ப்பக்கத்தில் அவர் எழுதிய ஆங்கிலப் பெயர்ப்பின் நடை யேட்சையும் கிரிகோரி அம்மையாரையும் சிங்கையும் மயக்கி, ஆங்கில நாடகத்தின் போக்கையே கொஞ்சம் திருப்பிவிட்டது.

1892 நவம்பர் 25-ஆம் நாள் டப்ளினில் தேசிய இலக்கியச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அவர் ஆற்றிய சொற்பொழிவுதான் எல்லாவற்றுக்கும் வித்து. அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்கவேண்டியதன் தேவை என்பது தலைப்பு. ஆங்கிலேயனைத் திட்டிக்கொண்டே ஆங்கிலேயனைப் போல உடுத்தி, உண்டு, படித்து, பேர் வைத்துக்கொள்ளும் ஐரிஷ்காரனை அவர் அன்று தோலுரித்தார். பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாக் என்றால் மகன். ஓ என்றால் பேரன், வழித்தோன்றல். இந்த முன்னெழுத்துகளை வெட்கப்பட்டு வெட்டி எறிந்தவர்கள் ஆயிரமாயிரம். கொல்லன் மகன் என்று பொருள்படும் மாக்கவன், ஸ்மித் ஆகிவிட்டார். ஊர்ப் பெயர்களை அளவைத் துறையார் ஆங்கில வாய்க்கேற்பச் சிதைத்து வரைபடத்தில் அச்சடித்துவிட்டார்கள். ஆங்கிலக் காற்சட்டையை விட்டுக் கான்னமாரா நெசவுத் துணியில் முழங்காலளவுச் சட்டை அணியுங்கள் என்றுகூடச் சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நமக்கும் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

சிரிக்க முடியாத செய்தி ஒன்றும் அச்சொற்பொழிவில் இருந்தது. ஸ்லைகோ மாவட்டத்தில் கில்ப்ரீ என்றொரு இரயில் சந்திப்பு. வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து வீடொன்றில் நுழைந்தார் ஹைடு. அங்கிருந்த சிறுமியிடம் ஐரிஷில் பேச்சுக் கொடுத்தார். தயங்கித் தயங்கி அவளும் ஐரிஷில் பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். அவள் ஐரிஷ் பேசுவதைக் கேட்டு, ரொம்பப் பெருமைதான் போ என்ற பாவனையில் ஏளனம் செய்தான். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பின் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஆங்கிலம். இன்னொரு பையன், ஹைடு ஐரிஷில் கேட்கக் கேட்க, ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நீ ஐரிஷ் பேசமாட்டாயா என்று கேட்டால், இப்போது பேசுவது ஐரிஷ் இல்லையா என்று திருப்பிக் கேட்டான்! தாய் தகப்பன் ஒரு மொழியில் கேட்க, பிள்ளை வேறு மொழியில் விடைசொல்ல, இரண்டும் வேறு என்பதே தெரியாமல் வளர்ந்த வீடுகள் அவை. படை எடுத்து வந்து யாரும் அந்தச் சிறுமியின் வாயை அடைக்கவில்லை. அண்ணனின் ஒரு நையாண்டி போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு, 1893 ஜூலை 31-ஆம் நாள், கேலிக் கழகம் பிறந்தது. வித்திட்டவர்களில் முக்கியமானவர் கத்தோலிக்கரான ஓயின் மாக்நீல், தலைவர் ஹைடு. மொழியைப் பேச்சுமொழியாகக் காப்பது, கட்சி அரசியலிலும் மதச்சண்டையிலும் சேராதிருப்பது என்ற இரண்டும் அதன் கொள்கைகள். மிதிவண்டியில் ஊரூராகச் செல்லும் ஆசிரியர்களை அனுப்பினார்கள். மாலை வகுப்புகள் நடத்தினார்கள். ஓகிரோனி பாதிரியார் எழுதிய எளிய பாடநூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது. பத்தாண்டுகளுக்குள் கிளைகள் நூற்றுக்கணக்காகிவிட்டன. எழுத்தர், கடைச் சிப்பந்தி, பள்ளி ஆசிரியை என்று நகரத்துச் சாதாரண மக்கள் பகல் வேலை முடித்து வந்து காலை வணக்கம் சொல்லக் கற்றார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்காரலாமா என்று சில குருமார் முணுமுணுத்தார்கள், வகுப்புகள் நடந்தன. அப்படி ஒரு வகுப்பில் சினேட் என்ற ஆசிரியையிடம் மொழி கற்ற இளைஞர் டிவேலரா. கற்பித்தவரையே 1910-இல் மணந்துகொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். டிவேலரா பிறந்தது நியூயார்க்கில். தந்தை வழிப் பெயர் ஸ்பானியப் பெயர். புரட்சித் தலைவர் பாட்ரிக் பியர்சின் தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த கல்தச்சர். ஜேம்ஸ் கானலி பிறந்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். ஹைடோ, நாம் முன்னே கண்டபடி, ஆக்கிரமித்தவர்களின் வழி. குருதியைச் சோதித்து ஐரிஷ்காரன் யார் என்று முடிவு செய்திருந்தால் இந்த நால்வரும் வாயிற்படியிலேயே நின்றிருப்பார்கள். மொழி கேட்டது ஒன்றேதான்: பேசுகிறாயா?

எதிர்ப்பு வராமலில்லை. 1899-இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பற்றி விசாரணை நடந்தபோது, திரினிட்டிக் கல்லூரிப் பேராசிரியர் மகாபி, ஐரிஷ் ஏடுகளில் இருப்பதெல்லாம் மதப் புலம்பல் அல்லது மூடக்கதை அல்லது ஆபாசம் என்ற முறையில் சாட்சி சொன்னார். மகாபிக்கு ஐரிஷ் தெரியாது என்பது தனிச் சுவை. ஹைடு கூச்சல் போடவில்லை. ஜெர்மனியின் விண்டிஷ், சிம்மர் முதலிய கெல்டிக் மொழிப் பேரறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் எழுதிய பதில்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பள்ளியில் ஐரிஷ் பாடம் தப்பியது.

1905-இல் டானிகல் மாவட்டத்தில் ஒரு வண்டிக்காரர் தம் வண்டியில் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதி வைத்தார் என்று அபராதம் போட்டார்கள். மேல் வழக்கில் அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பியர்ஸ். வழக்குத் தோற்றது. தன் வண்டியில் தன் பெயரைத் தன் மொழியில் எழுதியது குற்றம் என்று ஆங்கில நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. ஐரிஷில் முகவரி எழுதிய கடிதங்களையும் பார்சல்களையும் எடுத்துக்கொள்ள அஞ்சல் நிலையங்கள் மறுத்தன. கழகத்தார் விடவில்லை, மேலும் மேலும் அப்படியே எழுதி அனுப்பினார்கள்.

1901-இல் டப்ளின் கெய்ட்டி அரங்கில், தொழில்முறை மேடையில் முதன்முதலாக ஓர் ஐரிஷ் நாடகம் ஏறியது. கயிறு திரித்தல் என்பது பெயர். எழுதியவர் ஹைடு, நாடோடிப் புலவனாக நடித்தவரும் ஹைடு. விருந்துக்கு வந்து பெண்ணை மயக்கும் புலவனை, வைக்கோல் கயிறு திரிக்கச் சொல்கிறார்கள். திரித்தபடியே பின்னோக்கி நகர்ந்தவன் வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். டாக்டர் பட்டம் பெற்ற பாதிரியார் மகன் மேடையில் கயிறு திரித்துக்கொண்டு பின்னால் நடந்த காட்சியை டப்ளின் கண்டு களித்தது.

1905 நவம்பர் முதல் எட்டு மாதங்கள் அமெரிக்காவில் சுற்றினார். நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ஐரிஷ் மரபினர் கூடிய இடமெல்லாம் பேசினார். வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் வரவேற்றார். பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் கூடி, பத்தாயிரம் பவுனுக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் சாய்த்தது. செய்தி கேட்டதும் அந்நகர மக்களின் துயர் துடைக்கக் கழக நிதியிலிருந்து பணத்தைத் திருப்பி அனுப்பினார். நிதி திரட்டுகிறவர்கள் திருப்பியும் கொடுத்த நிகழ்ச்சி உலகில் அதிகம் நடப்பதில்லை.

தேசியப் பல்கலைக் கழகம் 1908 சட்டத்தால் அமைந்தபோது, சேரும் மாணவர்க்கு ஐரிஷ் கட்டாயம் வேண்டும் என்று கழகம் கிளர்ச்சி செய்தது. கத்தோலிக்க ஆயர்களே எதிர்த்தார்கள். ஆதரித்துக் கடுமையாக எழுதிய ஓஹிக்கி பாதிரியார் மேநூத் கல்லூரியில் பேராசிரியர் பதவியை இழந்தார். கடைசியில் 1913 முதல் கட்டாயம் என்று முடிவாயிற்று. ஹைடு 1909-இலிருந்து 1932 வரை டப்ளின் பல்கலைக் கல்லூரியில் ஐரிஷ் பேராசிரியராக இருந்தார்.

அவர் வாழ்வின் பெரிய முறிவு 1915-இல் வந்தது. டண்டாக்கில் கூடிய கழக மாநாடு, அயர்லாந்தின் சுதந்திரத்தையும் கழகத்தின் குறிக்கோளாக்கித் தீர்மானம் போட்டது. இருபத்திரண்டு ஆண்டு தலைமை தாங்கியவர் எழுந்து வெளியே போய்விட்டார். வசைபாடவில்லை, போட்டிக் கழகம் தொடங்கவில்லை. போனார், அவ்வளவுதான். மொழி எல்லார்க்கும் பொது. அரசியல் புகுந்தால் பிராட்டஸ்டண்டுகள் போய்விடுவார்கள். பிறகு மொழி ஒரு கட்சியின் சொத்தாகிவிடும் என்பது அவருடைய அச்சம்.

இந்த இடத்தில் நாம் முழுதும் ஹைடு பக்கம் நிற்க இயலவில்லை. வண்டியில் பெயர் எழுதினால் அபராதம் போடுகிற ஆட்சி இருக்கும்போது, மொழி அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? அரசியலை உள்ளே கொண்டுவந்தவர்கள் கழகத்தாரல்லர்; அபராதச் சீட்டுதான் கொண்டுவந்தது. கேலிக் கழகம் பிறந்த நாளிலேயே புரட்சி பிறந்துவிட்டது என்று பியர்ஸ் எழுதியது மிகையன்று. 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்டுச் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஹைடின் கழகத்தில் பழகியவர்கள். அதே நேரத்தில் ஹைடின் அச்சமும் பொய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிராட்டஸ்டண்டுகள் விலகினார்கள். வட அயர்லாந்தில் ஐரிஷ் பேசுவது பின்னாளில் ஒரு சாராரின் கொடியாகவே ஆயிற்று. அங்கே அம்மொழிக்குச் சட்ட அங்கீகாரம் வர 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

1922-இல் சுதந்திர நாடு அமைந்ததும் ஐரிஷ் தேசிய மொழியாயிற்று. 1937 அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதை முதல் ஆட்சிமொழி என்றது. நாணயத்தில் ஏறியது, தபால் தலையில் ஏறியது, தெருப் பலகையில் ஏறியது. பள்ளியில் கட்டாயம், அரசு உத்தியோகத்துக்குக் கட்டாயம். ஆனால் மேற்குக் கரையில் அதைப் பேசியவர்கள் பிழைக்க வழியின்றி முன்போலவே கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்குப் படித்தவர்கள் தேர்வு முடிந்ததும் மறந்தார்கள். 2007 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலும் ஒன்று. 2022 கணக்கெடுப்பில் குடியரசில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் பதினெட்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறோம் என்றவர்கள் எழுபத்திரண்டாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஹைடின் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். மனைவி லூசி அம்மையார் ஜெர்மன் மரபினர். கணவரின் மொழிப்பற்றில் அவருக்கு ஈடுபாடு ஏற்படவேயில்லை. நாட்டையே பேச வைத்தவர், தம் சாப்பாட்டு மேசையில் அதைப் பேச வைக்க முடியவில்லை. இதைச் சொல்வதால் அவர் புகழ் குறையாது. ஒரு மொழியை மீட்பது எவ்வளவு கடினம் என்பதுதான் தெரியும்.

ஓய்வு பெற்றுப் பிரெஞ்சுபார்க்கில் பறவை சுட்டுக்கொண்டிருந்தவரை 1938-இல் தேடி வந்தார்கள். புதிய சட்டப்படி குடியரசுத் தலைவர் வேண்டும். உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் கொன்ற இரு அணியினரின் கட்சிகளும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் ஹைடு. போட்டியில்லை. ஜூன் 25-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், டப்ளின் கோட்டையில் பதவி ஏற்றார். ஆங்கில அரசப் பிரதிநிதிகள் வீற்றிருந்த அதே கோட்டை. உறுதிமொழியை ஐரிஷில், ராஸ்காமன் வட்டார வழக்கில் கூறினார். அந்த வட்டார ஐரிஷைப் பிறப்பிலிருந்து பேசுவார் இன்று எவருமில்லை. அதன் ஒலியை அறிய விரும்புவோர்க்கு அன்று பதிவான முதியவரின் குரல் கிடைக்கிறது. சேமஸ் ஹார்ட் பேசிய வழக்கு அப்படியாவது மிஞ்சிற்று.

பதவி ஏற்ற ஐந்தாம் மாதம் போலந்துக்கும் அயர்லாந்துக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார். நாட்டின் தலைவர் நாட்டு அணியின் ஆட்டத்துக்குப் போகாமல் என்ன செய்வார்? கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் விதியோ வேறு சொல்லிற்று. கால்பந்து அந்நிய ஆட்டம், பார்ப்பதும் குற்றம். அச்சங்கத்தின் புரவலராக நெடுங்காலம் இருந்த ஹைடை அப்பதவியிலிருந்து நீக்கினார்கள்! ஆங்கில ஆட்டங்களை விட்டு நம் ஆட்டங்களை ஆடுங்கள் என்று 1892-இல் முழங்கியவரையே நீக்கினார்கள். அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தடை 1971-இல்தான் நீங்கியது. சிலரிடம் பற்று முற்றி விதிப்புத்தகமாக உறைந்துவிடுகிறது; என்ன செய்வது!

அதே 1938-ஆம் ஆண்டின் கடைசி நாளில் லூசி அம்மையார் காலமானார். 1940-இல் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியிலேயே பதவிக்காலத்தை முடித்து 1945-இல் இறங்கினார். 1949 ஏப்ரலில் அயர்லாந்து முழுக் குடியரசாக அறிவிக்கப்பட்டதைக் கண்டுவிட்டு ஜூலை 12-ஆம் நாள் கண்மூடினார்.

டப்ளின் புனித பாட்ரிக் தேவாலயத்தில் இறுதி வழிபாடு. அது பிராட்டஸ்டண்டுக் கோவில். கத்தோலிக்கர் வேற்றுச் சபை வழிபாட்டில் கலந்துகொள்ளலாகாது என்பது அக்காலத் திருச்சபைக் கட்டளை. ஆகவே நாட்டின் பிரதமர் காஸ்டெல்லோவும் அமைச்சர்களும், ஓரிருவர் நீங்கலாக, உள்ளே செல்லவில்லை. தெருவில் தத்தம் கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே, கடவுளும் மரியாளும் உனக்கு ஆகுக என்ற மறுமொழியை ஏழைக் காவலாளியிடம் கேட்டு வளர்ந்தவரின் உடல் கிடந்தது. வழிபாடு முடிந்து பெட்டி வெளியே வந்ததும் கார்கள் பின்தொடர்ந்தன. ராஸ்காமன் மாவட்டத்தில், தந்தை போதித்த போர்ட்டஹார்டு சிறு கோவிலின் தோட்டத்தில், பெற்றோர், மனைவி, 1916-இல் காசநோயால் இறந்த மூத்த மகள் நூலா ஆகியோர் அருகே அடக்கம் செய்தார்கள்.